நான் எழுதிய சொல்

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வாய்மொழித் தேர்வு. எம்.ஃபில். மாணவி, தன் ஊர்ப் பெண்கள் பாடும் ஒப்பாரிகளைத் தொகுத்து ஆய்வு செய்திருந்தாள். நெறியாளர் நான். புறத்தேர்வாளர் மூன்றாம் இயலைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். “இந்த எடத்துல ‘எதிர்க்கதையாடல்’னு எழுதியிருக்கீங்களேம்மா, என்ன அர்த்தத்துல சொல்றீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லை எழுதியது நான். அந்தப் பத்தியையும் நான்தான் எழுதினேன். அவள் கொண்டுவந்த பத்தியில், தன் அப்பத்தா இழவு வீட்டில் யாரைப் பார்த்துப் பாடினாள், எந்த இடத்தில் குரலை உயர்த்திச் சொத்துப் பிரிவினையைப் பற்றிப் பாடினாள் என்பதெல்லாம் இருந்தது. வாக்கியங்கள் முடியாமல் நீண்டன, ஒற்றுகள் இடம் மாறியிருந்தன, பேச்சும் எழுத்தும் கலந்திருந்தன. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ‘சரி’ செய்து கொடுத்தேன். நன்றியுரையில் அவள் எழுதியிருந்தாள்: என் ஆய்வேட்டை வரிக்கு வரி திருத்தித் தந்த அம்மாவுக்கு.

அன்று அவள் தேர்ச்சி பெற்றாள். ஆனால் அந்தக் கேள்விக்கும் நான் குறுக்கிட்டுப் பதில் சொன்னதற்கும் இடையே இருந்த மௌனம் என்னோடு வந்துவிட்டது. உதவி எந்த இடத்தில் முடிகிறது, பேனாவைப் பிடுங்குவது எந்த இடத்தில் தொடங்குகிறது? முனைவர் பட்டம் வரை படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. இலக்கணம் சொல்லித் தந்தார்கள்; ஒரு மாணவியின் தாளை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தரவில்லை. இதைத் தேடிப் போனபோதுதான் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த ஒரு கதை எனக்குக் கிடைத்தது. கல்லூரியில் எழுத்துக்கு உதவுவது ஓர் அறிவுத்துறை என்பதைப் பெரும்பாலும் பெண்களே உழைத்து நிறுவிய கதை அது.

ஹார்லெமில் இருக்கும் சிட்டி காலேஜ் 1847-இல் தொடங்கப்பட்டது. ஏழைகளும் படிக்கலாம், கட்டணம் கிடையாது என்பது அதன் பெருமை. அந்தப் பெருமைக்குள் பெண்கள் இல்லை. கல்லூரி முழுமையாகப் பெண்களுக்குத் திறந்தது 1951-இல். நூற்றுநான்கு ஆண்டுகள் கழித்து. சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. உள்ளே படித்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர். கட்டணம் இல்லாவிட்டால் என்ன, மதிப்பெண் என்ற வாசல் இருந்தது. 1960களின் நடுவில் அந்த வாசலில் சிறிய திறப்பாக ‘ஸீக்’ என்ற திட்டம் வந்தது. மதிப்பெண் குறைந்த, வசதியற்ற மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கூடுதல் பயிற்சியும் தந்து பட்டப்படிப்புக்குக் கொண்டுசெல்லும் திட்டம்.

1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களும் போர்த்தோ ரிக்கோ மாணவர்களும் கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி இரண்டு வாரங்கள் வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஹார்லெம் பல்கலைக்கழகம்’ என்று பெயரும் சூட்டினார்கள். அதன் விளைவாக 1970-இல், நகரத்தில் பள்ளிப்படிப்பை முடித்த எவருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு என்றாயிற்று. அந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். முந்தைய ஆண்டைவிட முக்கால் பங்கு அதிகம்.

கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்தவர்கள் எழுதிய முதல் தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் திகைத்தார்கள். இவர்களுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. ‘இதுக்கெல்லாம் எம்.ஏ. சீட்டு யாரு குடுத்தது’ என்று ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்பவர்களை நானும் அறிவேன். சில நாட்களில் நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாள்களை வேறு மாதிரி வாசித்தவர் மினா ஷாக்னெஸி. 1924-இல் தெற்கு டகோட்டாவின் லீட் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். நாடகம் படித்தவர். முனைவர் பட்டம் இல்லாதவர். 1967-இல் சிட்டி காலேஜுக்கு வந்து, எழுதக் கற்பிக்கும் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அதுவரை இத்தகைய வகுப்புகளுக்கு நோய்க்கு மருந்து கொடுப்பது போன்ற பெயர்கள்தான் இருந்தன. அவர் அதற்கு ‘அடிப்படை எழுத்து’ என்று பெயர் வைத்தார். 1970 முதல் 1974 வரை மாணவர்கள் நுழையும்போது எழுதிய சுமார் 4000 கட்டுரைகளைச் சேர்த்து வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். 1977-இல் வெளியான ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற அவருடைய நூல் அந்த வாசிப்பின் விளைவு.

கையெழுத்து, நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு, எழுத்துப்பிழை என்று இயல் இயலாகப் போகும் நூல் அது. அதன் அடிப்படை எளிமையானது. இந்த மாணவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள். புதிதாகக் கற்கும் எவரும் பிழை செய்தே கற்கிறார்கள். அந்தப் பிழைகள் கண்டபடி வருவதில்லை; அவற்றுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை.

இதை வாசித்த பிறகு நான் முதலில் எடுத்துப் பார்த்தது ‘முயற்ச்சி’ என்ற பிழையை. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு விடைத்தாளிலும் அந்த ‘ச்’சைச் சுழித்து அடித்திருக்கிறேன். மாணவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? வளர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி, உணர்ச்சி என்று எழுதிப் பழகிய கை, முயற்சியிலும் பயிற்சியிலும் அதே விதியைப் போடுகிறது. றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு வல்லின ஒற்று வராது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியவில்லை. விதி தெரியாததால் வந்த பிழை என்று நான் நினைத்தது, ஒரு விதியைத் தானாகவே கண்டுபிடித்துக் கொஞ்சம் கூடுதலாக நீட்டியதால் வந்த பிழை. இதைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிக் காட்டிய நாளில், ஒரு மாணவி, “அப்ப நான் மக்கு இல்லியாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷாக்னெஸியைச் சுற்றி அந்தத் திட்டத்தில் பாடம் நடத்தியவர்களின் பெயர்களைப் பார்த்தால் ஓர் இலக்கிய வரலாறே தெரிகிறது. 1965 முதல் டோனி கேட் பம்பாரா. 1967-இல் ஜூன் ஜோர்டன். 1968-இல் ஏட்ரியன் ரிச். அதே ஆண்டு, அதுவரை நூலகராக இருந்த ஆட்ரி லார்ட். பின்னாளில் அமெரிக்கப் பெண்ணியத்தின் பெரும் குரல்களாக நாம் வாசித்த இவர்கள், ஹார்லெமில் முதலாண்டு மாணவர்களின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ரிச் அந்த அனுபவத்தை வைத்து 1972-இல் ஒரு கட்டுரையே எழுதினார். பம்பாரா 1970-இல் தொகுத்த ‘தி பிளாக் வுமன்’ நூலில், அப்போது அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவியின் கட்டுரையும் இருக்கிறது. வகுப்புக்கு வெளியிலும் ஒருவர் அவளை வாசிக்கப்போகிறார் என்று ஆசிரியை நம்பியிருக்கிறார். மாணவிக்கு இதைவிட என்ன உதவி செய்துவிட முடியும்?

இன்னொரு திருப்பம் அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் நடந்தது. கல்லூரி ஏற்பாடு செய்த உதவி வகுப்புகளுக்கு மாணவர்கள் வரவில்லை. இன்னொரு வகுப்பு, இன்னொரு ஆசிரியர், இன்னொரு அவமானம் என்றே அவர்களுக்குப் பட்டது. அங்கிருந்த கென்னத் புரூஃபி, சக மாணவர்களையே துணையாக உட்காரவைத்தார். சற்று முன்னால் போன ஒருத்தி, பின்னால் வருகிறவளின் தாளைக் கேட்டு, ‘இந்த இடம் எனக்குப் புரியலை’ என்று சொல்கிறாள். எழுதித் தருவதில்லை. அப்படிச் செய்தபோது உதவியவர்களின் எழுத்தும் மேம்பட்டது. 1976-இல் இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மூரியல் ஹாரிஸ் ஓர் எழுத்துக்கூடத்தைத் தொடங்கினார். துணைநூற்பட்டியல் போடுவதற்காக நம் ஆங்கிலத் துறை மாணவர்கள் இன்றும் திறந்து பார்ப்பது அந்தக் கூடத்தின் இணையப் பக்கங்களைத்தான்.

இது வெற்றிக்கதை மட்டுமில்லை. 1976-இல், நகரத்தின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 129 ஆண்டுகளாக இல்லாத கட்டணம் கொண்டுவரப்பட்டது. வீட்டு வாசல் வரை வந்தவர்களுக்கு விருந்து முடிந்துவிட்டது என்று சொன்னது போல. வேலை இழந்தவர்களில் எழுத்து கற்பித்த தற்காலிக ஆசிரியர்கள் ஏராளம். ஷாக்னெஸி 1978-இல் புற்றுநோயால் இறந்தார், வயது 54. நான்காண்டுப் படிப்பு தரும் கல்லூரிகளில் இத்தகைய வகுப்புகளே வேண்டாம் என்று 1990களின் இறுதியில் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது.

1991-இல் சூசன் மில்லர் என்ற அறிஞர், எழுத்து கற்பித்தல் எப்படிக் கல்வித்துறையின் அடித்தளத்தில் பெண்களின் மலிவான உழைப்பாக வைக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதினார். இலக்கியம் பேசுவது புலமை. தாள் திருத்துவது பணிவிடை. சமைப்பவளுக்கும் சாப்பாட்டைப் புகழ்பவருக்கும் உள்ள தூரம்தான் இது. இங்கேயும் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்று கணக்கு உண்டு. கருத்தரங்கக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ஒரு மாணவியோடு ஒரு பத்தியை முன்வைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அப்படி உட்காருகிறவர்களை எங்கள் துறைகளில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பெண்களாகவே இருப்பார்கள். ‘நீங்கதான் பொறுமையா பாப்பீங்க’ என்று அனுப்பிவைக்கப்பட்ட எத்தனையோ இயல்களை நான் வாசித்திருக்கிறேன்; அவற்றின் நெறியாளர் வேறொருவராக இருப்பார்.

ஷாக்னெஸியிடமும் ஒரு குறை உண்டு. அதைச் சுட்டியவரும் ஒரு பெண்தான்: ஷாங்காயில் வளர்ந்த மின்-ஜான் லூ. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று பிளந்து வளர்ந்தவர். மொழி வெறும் பாத்திரமில்லை; எழுத்துநடை மாறினால் சொல்லவந்ததும் மாறும்; அந்த மோதலை மறைக்காமல் மாணவர்கள் முன் வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. நான் என் மாணவியின் பிழைகளை மட்டும் நீக்கவில்லை. அவள் அப்பத்தா சொத்துப் பிரிவினையைப் பாடிய இடத்தை நீக்கிவிட்டு, ‘எதிர்க்கதையாடல்’ என்று போட்டிருந்தேன். இரண்டும் ஒன்று என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். ஒன்றல்ல. அப்பத்தாவின் பாட்டில் இன்ன நிலம், இன்ன அண்ணன் என்று இருந்தது. என் சொல்லில் யாருமே இல்லை.

இப்போது பல்கலைக்கழகங்களில் ஒப்புமை காட்டும் மென்பொருள் இருக்கிறது. 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. திருடியதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வந்துவிட்டது. திருடாமல் எழுதுவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித் தர ஒரு மேசை வரவில்லை. அந்த மேசை இல்லாத இடத்தில்தான், ஆய்வேடு எழுதித் தரும் கடை திறக்கிறது. நான் இரண்டு இரவுகளில் செய்ததற்கும் அந்தக் கடைக்காரர் செய்வதற்கும் பணம் தவிர வேறு வித்தியாசம் உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மென்பொருளில் போட்டிருந்தால் என் பத்தி சுத்தமாகத் தேறியிருக்கும்.

இப்போது சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். மாணவி வரைவோடு வந்தால் பேனாவை மூடிவைக்கிறேன். அவளையே வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை முடிக்கலாமா என்று அவளே கேட்கிறாள். விளங்காத இடத்தில் ‘இதை எனக்குப் பேச்சில் சொல்லு’ என்கிறேன். சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் எடுக்கிறோம். ஒரு கலைச்சொல்லைப் போடுவதென்றால், அதைத் தன் அம்மாவுக்கு எப்படி விளக்குவாள் என்று சொன்ன பிறகே போடலாம். நேரம் பிடிக்கிறது. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது கை பரபரக்கிறது. சில சமயம் தோற்றும்போகிறேன்.

ஷாக்னெஸி 4000 தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஒப்பாரியைப் பற்றி அவள் கையால் எழுதிய முதல் வரைவை, தட்டச்சு முடிந்ததும் பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது. அவள் அப்பத்தா நிலத்தைப் பற்றிப் பாடிய இடத்தை, அவள் சொன்ன விதத்தில், நான் மறுபடி கேட்க வேண்டுமானால் அவளைத் தேடித்தான் போக வேண்டும்.