மனிதநேய உதவிப் பணியில் பட்டறிவுப் பகிர்வு

பேரிடர், போர், கொள்ளைநோய்க் காலங்களில் உதவிக்குச் செல்லும் ஊழியர்கள் களத்தில் செய்து செய்து கற்றவற்றில் பெரும்பகுதி எந்தக் கையேட்டிலும் ஏறுவதில்லை. அந்தப் பட்டறிவை அடுத்தவருக்குக் கடத்துவதும், அதைக் கொண்டு நடக்கும் பணியை நடுவிலேயே திருத்திக்கொள்வதும் இக்கட்டுரையின் பொருள். சொல்லில் அடங்காத அறிவைத் தத்துவ நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர் ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் மைக்கேல் போலானி. அவருடைய ‘தி டாசிட் டைமன்ஷன்’ நூல் 1966-இல் வெளிவந்தது. உதவி அமைப்புகள் பட்டறிவுப் பகிர்வுக்கெனத் தனி ஏற்பாடுகளைப் பரவலாகச் செய்யத் தொடங்கியது 1990-களில்தான். ஆனால் அவற்றுக்கான தேவை அதற்கு முன்பே இருந்தது. காலரா சிகிச்சையின் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1971 வங்கதேசப் போரின்போது சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். மேற்கு வங்கத்தின் பாங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. சிரை வழி ஏற்றும் சலைன் போதவில்லை. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கலவையைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி முகாமுக்குக் கொண்டுபோனார். கரைசலைப் புகட்டும் வேலை நோயாளியின் உறவினர்களிடமே விடப்பட்டது. 30 சதவீதம் வரை இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. கலவையின் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். எவருக்குச் சலைன் கட்டாயம், எவருக்குக் கரைசலே போதும், வாந்தி எடுப்பவருக்கு எப்படி விடாமல் புகட்டுவது என்பவையோ அருகில் நின்று பார்த்தவர்களுக்கே கைவந்தன.

இந்தியாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்கு உதவ, ஃபசலே ஹசன் அபேத் 1972-இல் வங்கதேசத்தின் சுல்லா பகுதியில் தொடங்கிய அமைப்பு பிராக். 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, சுமார் 1.2 கோடிக் குடும்பங்களில் தாய்மாருக்கு இதைப் போன்ற கரைசலைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தனர். தராசும் பொட்டலமும் இல்லை. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது: பாடம் ஒப்பிக்கிறார்கள், குழந்தைக்குப் பேதியானால் கொடுப்பதில்லை. விசாரித்ததில், கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே கரைசலில் முழு நம்பிக்கை இல்லை என்பது வெளிப்பட்டது. உடனே பயிற்சி மாறியது. ஊழியர்களை டாக்காவின் காலரா மருத்துவமனைக்கு அழைத்துப்போய், நோயாளிகள் தேறுவதை நேரில் பார்க்கவைத்தார்கள். வீட்டு முடிவுகளில் ஆண்களுக்குள்ள பங்கை உணர்ந்து, கடைத்தெருவிலும் மசூதியிலும் அவர்களிடமும் பேசினார்கள். தன் தவறைத் தானே அளந்து பார்த்துத் திருத்திக்கொண்ட உதவித் திட்டங்கள் அரிது. இது அவற்றுள் ஒன்று.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் சில நாட்களுக்குள் ஜாயிர் நாட்டின் கோமா நகர்ப் பகுதிக்குள் நுழைந்தனர். முதல் மாதத்தில் மட்டும் காலராவும் சீதபேதியும் முதன்மைக் காரணங்களாக ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள். மருந்தும் அமைப்புகளும் விரைந்து வந்திருந்தன. டாக்காவிலிருந்து சென்ற மருத்துவக் குழு 1995-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை நான்கு குறைகளைச் சுட்டியது: உடலுக்கு நீர் ஏற்றிய வேகம் போதவில்லை, வாய்வழிக் கரைசல் குறைவாகவே பயன்பட்டது, பொருந்தாத சலைன் வகைகள் ஏற்றப்பட்டன, கடுங்காலராவைக் கையாண்ட அனுபவம் ஊழியர்களுக்கு இல்லை. பாங்காவ்ன் அனுபவத்துக்குப் பிறகு 23 ஆண்டுகள் கழித்து நடந்தது இது. உலகம் அறிந்த சிகிச்சைதான். அதில் பழகிய கைகள் கோமாவில் போதவில்லை.

பல நாடுகளும் அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ருவாண்டா கூட்டு மதிப்பீடு 1996-இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக 1997-இல் லண்டனில் அல்நாப் என்ற கற்றல் வலையமைப்பு உருவானது. அதே ஆண்டு தொடங்கிய ஸ்பியர் திட்டம் குறைந்தபட்ச நெறிகளை வகுத்தது: ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை போன்றவை. எண்கள் எளிதாகப் பரவின. எப்போது அந்த எண்ணை எட்டப் பொறுத்திருக்கலாம், எப்போது கிடைத்ததை உடனே பங்கிட வேண்டும் என்ற நிதானம் அவ்வளவு எளிதில் பரவவில்லை. மலாவியின் உணவு நெருக்கடியின்போது, 2002-03-இல், களத்திலேயே கற்றல் உதவி அலுவலகம் ஒன்றை அல்நாப் சோதனையாக நடத்தியது. அறிக்கைகளைக் குவிப்பதைவிடப் பயனுள்ள வழி அதுதான் எனலாம்; ஆனால் அது வழக்கமாகவில்லை.

2004 சுனாமிக்குப் பின் தமிழகத்தில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் சேர்ந்து நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. மாவட்ட நிர்வாகம், வெளியிலிருந்து வந்த அமைப்புகள், மீனவர் கிராமங்கள் ஆகிய மூன்றுக்கும் நடுவே நின்று, எந்த ஊருக்கு எது தேவை என்ற தகவலை அது திரட்டியது. ஆனாலும் நன்கொடைப் படகுகள் கரையில் அளவுக்கு மீறிக் குவிந்தன. கண்ணாடியிழைப் படகு யாருக்கு வேண்டும், எத்தனை வேண்டும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். கொடுக்க வந்தவர்களில் பலர் கேட்கவில்லை. உள்ளூர்த் திறனைப் பன்னாட்டு அமைப்புகள் பல இடங்களில் ஓரங்கட்டின என்று சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணியின் 2006 அறிக்கையும் குறிப்பிட்டது.

நடக்கும் பணியை நடுவிலேயே திருத்திக்கொண்டதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது, பிணங்களை அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்த குழுக்களைக் கண்டு மக்கள் உடல்களை மறைத்தனர். மதத் தலைவர்களையும் மானிடவியலாளர்களையும் கலந்து, குடும்பத்தினர் பங்கேற்கும் பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கான நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டது.

குறுகிய கால ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு ஊழியர் சில மாதங்களில் அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார். அங்கேயே இருப்பவர் உள்ளூர் ஊழியர்; பட்டறிவு தங்குவதும் அவரிடம்தான். 2016-இல் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதநேய உச்சிமாநாட்டில், நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாக அளிப்பதென்று கொடையாளர்களும் பெரிய அமைப்புகளும் ஒப்புக்கொண்டனர். அதற்கு வைத்த கெடு 2020. இலக்கை எட்டாமலே கெடு கடந்துபோனது.