நிற்கும் லாரி, ஓடும் எஞ்சின்

சாலையோரத்தில் ஒரு கனரக லாரி நிற்கிறது. சக்கரங்கள் சுழலவில்லை, சரக்கும் நகரவில்லை. ஆனால் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மோட்டார்த் தொழிலில் இதை ‘ஐட்லிங்’ என்பார்கள். “எஞ்சினை அணை” என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதை அமெரிக்காவின், குறிப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தின், அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

ஏன் அணைப்பதில்லை?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. கடுங்குளிரில் எஞ்சின் சில்லிட்டிருந்தால் இந்த வெப்பம் போதுவதில்லை. டீசலிலுள்ள மெழுகுப் பொருளும் உறைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்ப் பகுதிகளில் ஓட்டுநர்கள் இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டார்கள். பின்னாளில் எஞ்சின்களும் எரிபொருளும் சீர்திருந்தின. பழக்கம் மட்டும் எளிதில் மாறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க நெடுந்தூர லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சிறிய படுக்கையறை இருக்கும். பல நாட்களுக்கு அதுவே அவருடைய வீடு. கோடையில் குளிர்சாதனம், பனிக்காலத்தில் வெப்பம், இரவில் விளக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அவர் எஞ்சினையே நம்பியிருந்தார். இதற்குச் செலவாகும் டீசல் மணிக்குச் சுமார் 3 முதல் 4 லிட்டர். பத்து மணி நேரம் உறங்கி எழுவதற்குள் 30 லிட்டருக்கு மேல் புகையாகிவிடும்.

புகையின் குணம்

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உள்ளன. ஓடும் லாரியின் புகை வழியெங்கும் பரவிப்போகும். நிற்கும் லாரியின் புகையோ ஒரே இடத்தில், அருகில் வசிப்போரின் மூச்சில் கலக்கிறது. டீசல் புகையின் துகள்களை நச்சுக் காற்றுப்பொருள் என்று கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் 1998-ல் அறிவித்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது.

முதல் அடிகள்

நியூயார்க் நகரம் 1971-லேயே 3 நிமிட வரம்பு விதித்தது. ஆனால் ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் கடிகாரத்துடன் ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? விதி ஏட்டில் இருந்தது. எஞ்சின்கள் தெருவில் ஓடின. இதனால்தான் அந்நகரம் 2018-ல் ஒரு புதிய சட்டம் இயற்றி, ஆதாரத்துடன் புகார் செய்யும் குடிமக்களுக்கு அபராதத்தில் நாலில் ஒரு பங்கு கிடைக்க வழிசெய்தது.

கலிபோர்னியா முதலில் குழந்தைகளைக் கவனித்தது. 2002 டிசம்பரில் வாரியம் ஏற்ற விதிப்படி, பள்ளியை அடைந்ததும் பேருந்து ஓட்டுநர் எஞ்சினை அணைக்க வேண்டும். புறப்பட 30 விநாடிகள் இருக்கும்போதுதான் மறுபடி இயக்கலாம்.

அதே ஆண்டில் துறைமுகங்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. சரக்குப் பெட்டிக்காக வாயிலில் வரிசையில் நிற்கும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்து அணைத்து இயக்குவது கடினம். காத்திருப்பதும் அவர் விருப்பத்தால் அன்று. ஆகவே லாரி 30 நிமிடத்துக்கு மேல் காக்க நேர்ந்தால், துறைமுக முனையத்தை நடத்துவோருக்கே 250 டாலர் அபராதம் என்றது சட்டம். முன்பதிவு முறையை ஏற்படுத்திய முனையங்களுக்கு விலக்குக் கிடைத்தது. இந்த முன்பதிவால் வரிசை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர். ஆயினும், புகைக்குப் பொறுப்பாளி ஓட்டுநர் மட்டுமல்லர் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது சிறு செய்தியன்று.

உறக்கமா, காற்றா?

2004 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசின் புதிய வேலைநேர விதி நடைமுறைக்கு வந்தது. சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டிய நேரம் 8 மணியிலிருந்து 10 மணியாக உயர்ந்தது. களைத்த ஓட்டுநரால் விபத்து நேரக் கூடாது என்பதே நோக்கம். அதே ஆண்டு ஜூலையில் கலிபோர்னியா வாரியம், சுமார் 4,500 கிலோவுக்கு மேல் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட டீசல் வண்டிகள் 5 நிமிடத்துக்கு மேல் ஐட்லிங்கில் நிற்கக் கூடாது என்று விதித்தது. ஒரு விதி “நீண்ட நேரம் உறங்கு” என்றது. மற்றொன்று “எஞ்சினை அணை” என்றது. பாலைவன வெயிலில் இரும்புக் கூண்டுக்குள் படுத்திருப்பவர் என்ன செய்வார்?

வாரியம் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தது. படுக்கையறை லாரிகளில் ஓட்டுநர் உறங்கும் நேரத்துக்கு 2008 வரை விலக்கு அளித்தது. அந்த இடைவெளியில் மாற்று வழிகளுக்கு இடம் கிடைத்தது. குளிர்சாதனத்தை மட்டும் இயக்கும் சிறிய துணை எஞ்சின், எரிபொருளால் இயங்கும் சிறு வெப்பமூட்டி, மின்கலத் தொகுதி, ஓய்விடங்களில் மின் இணைப்பு ஆகியவை அவை. துணை எஞ்சினைப் பொருத்தினால் லாரியின் எடை கூடும். அந்த அளவுக்குச் சரக்கைக் குறைத்தால் வருமானம் போகும். இதனால் 2005-ல் மத்திய சட்டம் அத்தகைய கருவிக்காகச் சுமார் 180 கிலோ கூடுதல் எடையை மாநிலங்கள் அனுமதிக்க இடம் தந்தது. 2012-ல் அது சுமார் 250 கிலோவாக உயர்ந்தது.

எஞ்சினுக்குள் புகுந்த சட்டம்

2008 முதல் தயாரான எஞ்சின்களுக்குக் கலிபோர்னியா ஒரு புதிய நிபந்தனை விதித்தது. 5 நிமிட ஐட்லிங்குக்குப் பின் எஞ்சின் தானே அணைய வேண்டும். இல்லையேல் அது வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மணிக்கு 30 கிராமுக்கு மேற்படக் கூடாது. அதிகாரியின் கையிலிருந்த கடிகாரம் இப்போது எஞ்சினுக்குள்ளேயே வந்துவிட்டது!

இந்த வரலாற்றில் நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. வீண் என்று வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றும் செயல், உள்ளே இருப்பவருக்குத் தேவையாக இருக்கக்கூடும். அந்தத் தேவைக்கு வேறு வழி காட்டும் வரையில் தடைச் சட்டம் அபராதச் சீட்டாகவே நிற்கும். லாரிக்குள் உறங்குபவருக்கும் அதன் அருகில் வசிப்பவருக்கும் காற்று ஒன்றே. இருவரையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் சட்டமே நிலைத்துப் பயன் தரும்.