கணக்குக் கேட்டோர் வரலாறு

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பவனைக் கலகக்காரன் என ஒதுக்கி வைப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். திருவிழா வரியாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், ஊராட்சியாயினும், "ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் இந்த வம்பு?" என்று வாயடைத்து விடுவர். ஆயினும் கணக்குக் கேட்டல் நேற்று முளைத்த செயலன்று. அதன் வரலாற்றில் இரண்டு ஏடுகளை ஈண்டுப் புரட்டுவோம்.

முதலாவது, பாடநூல்கள் வாயிலாக யாவரும் அறிந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவ்விரு கல்வெட்டுகளையும் குடவோலை முறைக்குச் சான்றாகவே நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆனால் அவற்றில் நம் கருத்தைக் கவர வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். கணக்கு எழுதுவோன் தன் கணக்கைத் தானே ஒப்படைத்து, நேர்மையானவன் எனப் பெயர் பெற்ற பின்னரே மறுபடியும் அப்பணிக்கு வரலாம். அவன் எழுதிய கணக்கை முடிக்க வேறொரு கணக்கனைக் கொண்டுவருதலும் கூடாது. பழைய செயலாளர் விட்டுச்சென்ற குழப்பத்தைப் புதிய செயலாளர் தலையில் கட்டும் சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆதலின் இவ்விதியின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

எனினும் இக்கல்வெட்டைப் புகழ்வோர் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றனர். அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோரே குடத்தில் பெயரிடத் தகுந்தோர். அந்நிலத்தில் உழுதவனும், ஏரியில் மண் சுமந்தவனும் ஏரி வாரியத்திடம் கணக்குக் கேட்க இடமில்லை. விதி சிறந்தது, கேட்கும் வாய்தான் ஒரு சாராருக்கே உரியதாயிற்று.

உழைத்தவனே கணக்குக் கேட்ட வரலாறு இரண்டாவது ஏடு. அது இராஜஸ்தான் மாநிலத்தின் வறண்ட நடுப்பகுதியில் எழுதப்பட்டது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து 1975இல் விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண் குடிசையில் குடியேறினர். 1990 மே 1ஆம் நாள் தொழிலாளர் உழவர் ஆற்றல் சங்கம் என்று பொருள்படும் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' தோன்றியது. பஞ்ச நிவாரண வேலைகளில் மண் வெட்டியோர்க்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏனெனக் கேட்டால், "நீங்கள் வேலை செய்யவில்லை என்று அளவுப் புத்தகம் கூறுகிறது" என விடை வந்தது. அப்புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு இரகசியம் என்றனர். 1923ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்து இரகசியச் சட்டம் ஒரு கூலியாளின் வருகைப் பதிவுக்கும் காவல் நின்றது! கூலிப் போராட்டம் ஆவணப் போராட்டமாக மாறியது இவ்விடத்தில்தான்.

1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா ஊராட்சியில் முதல் பொது விசாரணை நடைபெற்றது. நேர்மையான வட்டார அதிகாரி ஒருவர் ஆவணங்களைப் பார்க்க இசைந்ததால் அது கைகூடியது. விசாரணை முறையோ மிக எளியது. மஸ்டர் ரோல், பற்றுச்சீட்டு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் செய்திகளை முன்னரே திரட்டி, ஊர் ஊராகச் சென்று உரியவர்களிடம் சரிபார்த்தனர். பின்னர் ஊரார் முன்னிலையில், வெளியூர்ப் பொதுமனிதர்கள் நடுவராக அமர, பதிவுகள் உரக்கப் படிக்கப்பட்டன. அவ்வேலைக்கே போகாதோர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முழுத்தொகையும் வழங்கப்பட்ட பட்வாரி அலுவலகக் கட்டடம் முடிவுறாது நின்றது. தணிக்கையாளர் தாளோடு தாளை ஒப்பிடுகின்றனர். இம்மக்கள் தாளைச் சுவரோடும் ஆளோடும் ஒப்பிட்டனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இத்தணிக்கையில் பங்கு கொள்ள முடிந்தது.

தொடர்ந்து பீம், விஜய்புரா, ஜவாஜா முதலிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. கிராம சேவகர்கள் ஆவணங்களை மக்களிடம் காட்ட மறுத்தனர். அரசுத் தணிக்கைக்கே கட்டுப்படுவோம் என்றனர். 1995 ஏப்ரல் 5ஆம் நாள் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊராட்சி ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை நடைமுறைக்கு வாராமையால், 1996 ஏப்ரல் 6 முதல் பியாவர் நகரில் 40 நாட்கள் மறியல் நடந்தது. காய்கறி வணிகர் தம் சரக்கைத் தந்து துணைநின்றனர். 'நம் பணம், நம் கணக்கு' என்பதே அவர்தம் முழக்கம். நகல் எடுக்கும் உரிமைக்காக நாற்பது நாள் தெருவில் அமர்ந்தோர் உலகில் வேறு எவரும் உளரோ என வியக்கின்றோம்.

இதன் விளைவுகள் விரைந்து வந்தன. 1997இல் தமிழ்நாடே மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மிகுந்திருந்தமையால் அது பெரும்பயன் தரவில்லை. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கைப் பொறுப்பை அளித்தது.

ஊராட்சிக்குச் சொன்னது சங்கங்களுக்கும் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். கல்விச் சங்கங்கள் நம் மாநிலத்தில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகின்றன. அதன் 36ஆம் பிரிவு, உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குறையாமல் விண்ணப்பித்தால், சங்கத்தின் நடைமுறையையும் நிதி நிலையையும் பதிவாளர் விசாரிக்க வழி செய்கிறது. பதிவாளர் தாமாகவும் விசாரணை தொடங்கலாம். ஐயம் ஒன்று மட்டுமே குற்றமாகாது. திண்ணைப் பேச்சில் ஒரு செயலாளரின் பெயரைக் கெடுப்பது விசாரணையுமன்று. இரசீதின் அடிக்கட்டையை வங்கிக் கணக்கேட்டோடு ஒப்பிட வேண்டும்; செலவினத்தைப் பொதுக்குழுத் தீர்மானத்தோடு ஒப்பிட வேண்டும். அதன்பின், உதவித்தொகை பெற்றதாக ஏட்டில் பதிவான மாணவனின் வீட்டுக்குச் சென்று, அத்தொகை அவன் கைக்கு வந்ததா, எவ்வளவு வந்தது என்று அவனிடமும் அவன் தாயிடமும் கேட்க வேண்டும்.