முந்தி வந்தவரும் முந்த வேண்டியவரும்

ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் முறிந்த கையைத் தாங்கியபடி காத்திருக்கும் ஒருவர், தமக்கு அரைமணி நேரம் கழித்து வந்தவரைத் தமக்கு முன்பே உள்ளே தூக்கிச் செல்வதைக் கண்டு மனம் புழுங்காமலிருப்பது அரிது. ரயிலடியில் சீட்டு வாங்கும் வரிசையில் பழகிய நமக்கு, முந்தி வந்தவருக்கு முந்திக் கிடைப்பதே நியாயமாகத் தோன்றும். அந்த அறையிலோ வேறொரு நியாயம் ஆட்சி செய்கிறது. அது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னே, ஐரோப்பாவின் யுத்தகளங்களில், பீரங்கிப் புகைக்கு நடுவே உருவான சம்பிரதாயம்.

அதைத் தோற்றுவித்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் டொமினிக் ழான் லாரே. 1766-இல் பிரான்ஸ் தேசத்துப் பிரனீஸ் மலைச்சாரலில் ஒரு சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, துலூஸ் நகரில் ரணசிகிச்சை நிபுணராக விளங்கிய தந்தையின் சகோதரரிடம் தொழில் கற்றுக்கொண்ட அவர், 1792-இல் ரைன் நதிப் பிரதேசத்துச் சேனையில் வைத்தியராகச் சேர்ந்தபோது கண்ட காட்சி கொடுமையானது. சிகிச்சைக் கூடாரங்கள் சேனைக்கு ஒரு லீக், அதாவது ஏறக்குறைய 4 கிலோமீட்டர், பின்னால் நிற்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. ஆகவே காயம்பட்டவன் போர் ஓயும்வரை, பல சமயங்களில் ஒரு பகலும் ஓர் இரவும், விழுந்த இடத்திலேயே கிடப்பான். பிறகு வண்டி வந்தாலும் முதலில் ஏற்றப்படுவது உத்தியோகஸ்தர்களே. சாமானியச் சிப்பாயின் முறை வருவதற்குள் பெரும்பாலும் அவன் பிராணன் போயிருக்கும்.

குதிரைகள் இழுக்க வாயுவேகத்தில் இடம் மாறும் பீரங்கி வண்டிகளைக் கண்ட லாரே, கொல்லுகிற கருவிக்குக் கிடைத்த வேகம் காக்கிற கைக்கும் கிடைக்கலாகாதா என்று எண்ணி, இருவர் படுத்துச் செல்லத்தக்க இலேசான இருசக்கர வண்டிகளைச் சமைத்து, வைத்தியர்களையும் உதவியாளர்களையும் அவற்றோடு சேர்த்து, குண்டுகள் பாயும்போதே களத்தினுள் அனுப்பினார். எகிப்துப் படையெடுப்பில் மணலில் சக்கரம் ஓடாதபோது ஒட்டகங்களின் இருமருங்கிலும் தொட்டில்களைக் கட்டிக் காயம்பட்டோரைச் சுமக்கச் செய்தார். ஆயினும் அவருடைய பெருமை வண்டியில் இல்லை என்பது என் கருத்து. யாருடைய காயம் அதிக அபாயகரமானதோ அவரையே முதலில் கவனிக்க வேண்டும், பதவியோ பட்டமோ பார்க்கலாகாது என்று அவர் வகுத்த நியதியில்தான் அது இருக்கிறது. நெப்போலியன் சக்கரவர்த்தியின் சேனையில், தளபதிகள் பார்த்திருக்க, ஒரு சிப்பாயை அவர்களுக்கு முன்னே மேஜையில் கிடத்துவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! எதிரிப் படையினருக்கும் அவர் அதே கையால் மருந்திட்டார். 1815-இல் வாட்டர்லூ யுத்தத்தில் பிரஷ்யரிடம் அவர் சிறைப்பட்டுச் சுடப்படவிருந்தபோது, முன்பு அவருடைய பிரசங்கத்தைக் கேட்டிருந்த ஒரு பிரஷ்ய வைத்தியர் அடையாளம் கண்டு காப்பாற்றினார். பிரஷ்யத் தளபதி புளூக்கரும் தம் மகனுக்குச் சிகிச்சை செய்தவர் அவர் என்பதை நினைந்து பத்திரமாக அனுப்பிவைத்தார் என்பர்.

லாரேயின் நியதி ஒருவர் பின் ஒருவராக வருவோருக்குப் போதும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வந்து குவிந்தால் என் செய்வது? 1854-இல் முற்றுகையிலிருந்த செவஸ்தபோல் நகருக்குச் சென்ற ருஷ்ய வைத்தியர் நிகொலாய் பிரகோவ் இதற்கு விடை கண்டார். பிழைக்க வழியற்றோர், உடனே கத்தி வைக்க வேண்டியோர், மறுநாள்வரை தாங்குவோர், கட்டுப்போட்டு அனுப்பத்தக்கோர் என்று வாசலிலேயே பிரித்தார். முதல் வகையினரைத் தாதியரும் பாதிரிமாரும் கவனித்துக்கொண்டனர். காயம்பட்டோரைக் காப்பதில் வைத்தியத்தைவிட நிர்வாகத்துக்கே முக்கிய ஸ்தானம் என்பது அவருடைய சித்தாந்தம். இந்தப் பாகுபாட்டில் ஒரு கொடிய முனையும் உண்டு: முதல் உலக யுத்தத்தில், விரைவில் துப்பாக்கி ஏந்தக்கூடியவனை முதலில் குணப்படுத்தி மீண்டும் களத்துக்கு அனுப்பும் எண்ணம் சேனைகளில் தலைதூக்கியது. அங்கே நியதி தலைகீழாயிற்று. அதை நான் வைத்தியமென்று ஒப்பமாட்டேன்.

நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு, வாசலிலேயே பிரிக்கும் இவ்வழக்கம் வந்தது வெகு தாமதமாகவே. அமெரிக்காவில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னும்கூட அவசர அறை என்பது பயிற்சி வைத்தியர்களும், முறைவைத்து வரும் பல துறை வைத்தியர்களும் பார்த்துக்கொள்ளும் ஒதுக்கிடமாகவே இருந்தது. 1961-இல் வர்ஜீனியா மாகாணத்து அலெக்சாண்டிரியாவில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் வேறு மூன்று வைத்தியர்களும் தங்கள் சொந்தத் தொழிலை விட்டு, இரவும் பகலும் அந்த அறையையே தங்கள் தொழிலாக ஏற்றனர். சிறு நோய்களுக்கும் ஜனங்கள் அங்கே திரண்டு வரத் தொடங்கவே, வாசலில் பிரிக்கும் முறையை 1960-களில் யேல்-நியூஹேவன் ஆஸ்பத்திரி கைக்கொண்டது. 1979-இல் அவசர மருத்துவம் அமெரிக்காவில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் அது 2009-இல் நிகழ்ந்தது.

இங்கிலாந்தில் 1990-களில் வகுத்த மான்செஸ்டர் முறையில் சிவப்புக்கு உடனே சிகிச்சை, ஆரஞ்சுக்கு 10 நிமிஷம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 என்று காத்திருக்கும் எல்லைகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பிரிவுகளைக் காணலாம். உள்ளே நுழைந்ததும் செவிலியர் மூச்சையும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் நினைவின் தெளிவையும் பார்ப்பது இதன்பொருட்டே. அந்தச் சில நிமிஷப் பரீட்சைதான் நம் இடத்தை நிர்ணயிக்கிறது. பேரும் விலாசமும் எழுதிக்கொள்ளும் மேஜையன்று.

ஒருமுறை குறித்த வர்ணம் கடைசிவரை நிலையானதுமன்று. பச்சையில் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு முட்டினாலோ, மார்பில் வலி எழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அவரும் அவருடன் வந்தோரும் சங்கோசப்பட்டு முறைக்காகக் காத்திராமல் செவிலியரிடம் அக்கணமே சொல்ல வேண்டும். மறுபடியும் பரிசோதித்து இடம் மாற்றுவது அவர்கள் கடமையில் சேர்ந்ததே.