பேசாத பெட்டியைப் பேச வைத்தவர்கள்: பழைய நாஸும் லினக்ஸும்

இன்னைக்கு எபிசோடில் ராஜா இல்லை, போர் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியோட வரலாறு. சில வீடுகளில் ரவுட்டருக்குப் பக்கத்தில் தூசி படிஞ்சு உட்கார்ந்திருக்குமே, குடும்ப போட்டோ எல்லாம் சேர்த்து வைக்கிற பெட்டி, அதுதான். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ், சுருக்கமா நாஸ்.

ஒரு ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் மாட்டாம நேரா வீட்டு நெட்வொர்க்கில் மாட்டினா அது நாஸ். வீட்டில் இருக்கிற எல்லாரும் அதைத் திறந்து பார்க்கலாம். பார்க்க டிஸ்க் டப்பா மாதிரி இருந்தாலும் உள்ளே முழு கம்ப்யூட்டர் இருக்கு: ப்ராசசர், மெமரி, ஆபரேட்டிங் சிஸ்டம். அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பெரும்பாலும் லினக்ஸ்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். ஏற்கெனவே லினக்ஸ் ஓடுற பெட்டியில், மெனக்கெட்டு இன்னொரு லினக்ஸை எதுக்குப் போடணும்?

இதுக்குப் பதில் 2021 ஜூன் மாசத்தில் கிடைச்சது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தோட மை புக் லைவ்ங்கிற நாஸ் வெச்சிருந்த பலர், ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தா பெட்டி காலி. யாரோ இணையம் வழியா உள்ளே வந்து, பெட்டியைக் கடையில் வாங்கின நாள் நிலைக்குத் திருப்பிட்டாங்க. வருஷக்கணக்கா சேர்த்த படங்கள் போச்சு. பெட்டியை உடனே இணையத்திலிருந்து கழற்றச் சொல்லி நிறுவனம் அறிவித்தது. அந்த மாடலுக்குக் கடைசியா அப்டேட் வந்தது 2015-ல். பெட்டியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் நிரலில், கடவுச்சொல் கேட்கிற வரிகள் செயலிழக்க வைக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. பெட்டியில் பழுது ஒண்ணும் இல்லை. அதைப் பார்த்துக்க ஆள் இல்லாமப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

அதாவது, டிஸ்க் நல்லா சுத்தும், லைட் பச்சையா எரியும். ஆனா உள்ளே இருக்கிற மென்பொருள் அனாதையாகி ஆறு வருஷம் ஆகியிருக்கும். அந்த அனாதையை யார் தத்தெடுக்க முடியும், எப்படி முடியும்? அதுதான் இன்னைக்குக் கதை. அதுக்கு 2003-க்குப் போகணும்.

அந்த வருஷம் லிங்சிஸ் நிறுவனத்தோட டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டர் சக்கைப்போடு போட்டுக்கிட்டிருந்தது. அதுக்குள்ளே ஓடுறது லினக்ஸ்னு சிலர் கண்டுபிடிச்சாங்க. லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல்.ங்கிற உரிமத்தில் வருது. அதோட நிபந்தனை எளிமையானது: இந்த நிரலை எடுத்து ஒரு பொருளில் போட்டு விற்கலாம், ஆனா வாங்கினவர் கேட்டா மூல நிரலைக் கொடுக்கணும். லினக்ஸ் உருவாக்குநர்கள் கேட்டாங்க. அழுத்தம் கூடினதும் லிங்சிஸ் மூல நிரலை வெளியிட்டது. அந்த நிரலை அடிப்படையா வெச்சு வளர்ந்ததுதான் ஓபன்டபிள்யூஆர்டி. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில் திரும்ப வரும்.

அடுத்த வருஷம், 2004-ல், அதே லிங்சிஸ் ஒரு நாஸ் பெட்டியை விட்டது. பேர் என்.எஸ்.எல்.யூ.2. அந்த எழுத்துகளை இழுத்துப் படிச்சு ஆட்கள் வெச்ச செல்லப் பேர் 'ஸ்லக்', அதாவது ஓடில்லாத நத்தை. பேருக்குப் பொருத்தமான வேகம்தான்: இன்டெலோட எக்ஸ்ஸ்கேல் ப்ராசசர், 32 எம்.பி. மெமரி, 8 எம்.பி. ஃபிளாஷ். இன்னைக்கு உங்க போன் எடுக்கிற ரெண்டு மூணு போட்டோ அந்த ஃபிளாஷை நிரப்பிடும். 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய அந்த ப்ராசசரை ஆரம்பத்தில் 133-ல்தான் ஓடவிட்டாங்க. சர்க்யூட் போர்டில் ஒரே ஒரு ரெசிஸ்டரை எடுத்துட்டா வேகம் இரட்டிப்பாகும்னு கண்டுபிடிச்சதும், உலகம் முழுக்கப் பலர் சால்டரிங் அயர்னை எடுத்துக்கிட்டாங்க.

ரெண்டு யு.எஸ்.பி. போர்ட், ஒரு நெட்வொர்க் போர்ட். ஸ்கிரீன் மாட்ட இடம் இல்லை, கீபோர்டு மாட்டியும் பிரயோஜனம் இல்லை. இதுலதான் முழுச் சிக்கலும். லேப்டாப்பில் லினக்ஸ் போடும்போது ஏதாவது தப்பானா ஸ்கிரீனில் எரர் வரும். ஸ்லக்கில் தப்பானா? நாலு லைட் இருக்கு. அது எரியும், அணையும், சிமிட்டும். வேற ஒண்ணும் சொல்லாது.

ராட் விட்பி முன்னின்று நடத்திய ஒரு தன்னார்வலர் குழு இந்தப் பெட்டியைப் படிக்க ஆரம்பிச்சது. முதல் படியா அன்ஸ்லங்: நிறுவனத்தோட மென்பொருளை அப்படியே வெச்சுக்கிட்டு, பூட்டை மட்டும் திறந்துவிடுறது. அடுத்தது ஓபன்ஸ்லக்: பழசை முழுசா தூக்கிட்டுப் புதுசைப் போடுறது. அப்புறம் டெபியன். 2003 முதல் 2005 வரை டெபியன் திட்டத் தலைவரா இருந்த மார்ட்டின் மிக்ல்மேயர் இதில் பெரிய பங்கு வகித்தார். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0-ல் ஸ்லக்குக்கு முறையான இன்ஸ்டாலரே கிடைச்சது.

ஸ்கிரீன் இல்லாத பெட்டியில் இன்ஸ்டாலர் எப்படி? அவங்க கண்டுபிடிச்ச வழி அழகானது. இன்ஸ்டாலர் பூட் ஆனதும் தானே ஒரு எஸ்.எஸ்.எச். சர்வரைத் திறந்து வைக்கும். நீங்க உங்க கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே போய், வழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். 32 எம்.பி. மெமரியில் அது முடிய பல மணி நேரம் ஆகும். இட்லிக்கு மாவு ஆட்டி, புளிச்சு, வார்த்து, சாப்பிட்டே முடிச்சிடலாம்.

ஆனா அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. ஸ்லக்கோட நெட்வொர்க் போர்ட் வேலை செய்ய, இன்டெல் கொடுக்கிற மைக்ரோகோட்ங்கிற சின்ன நிரல் தேவை. அதோட உரிமம் சுதந்திர மென்பொருள் வரையறைக்குள் வராது. டெபியன் தன் கொள்கைப்படி அதை இன்ஸ்டாலரில் சேர்க்கல. விளைவு: நெட்வொர்க் வழியா மட்டுமே அணுக முடியிற ஒரு பெட்டி, நெட்வொர்க்கே இல்லாத ஒரு இன்ஸ்டாலர். அதிகாரபூர்வ இமேஜைப் போட்டா பெட்டி ஒழுங்கா பூட் ஆகும், ஆனா யாராலும் அதுகூடப் பேச முடியாது. அதனால மைக்ரோகோட் சேர்த்த ஒரு தனி இமேஜை ஆர்வலர்கள் வெளியில் வெச்சாங்க. பெரும்பாலானவங்க அதைத்தான் பயன்படுத்தினாங்க. ஒரு கொள்கை முடிவு எப்படி பூட் பிரச்சினையா மாறும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஸ்லக்கைக் காப்பாத்தினது ஒரே விஷயம்: ரெட்பூட். கரன்ட் வந்ததும் முதலில் எழுந்திருக்கிற நிரலுக்கு பூட்லோடர்னு பேர். ஸ்லக்கோட பூட்லோடர் ரெட்பூட். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடிச்சபடி பவர் போட்டு, லைட் நிறம் மாறுற நேரத்தில் கையை எடுத்தா, பெட்டி மீட்பு நிலைக்குப் போகும். வெளியிலிருந்து புது இமேஜை அனுப்பலாம். அதாவது, ரெட்பூட் இருக்கிற ஃபிளாஷ் பகுதியைத் தொடாத வரைக்கும் ஸ்லக்கைக் கொல்றது கஷ்டம். அந்தத் தைரியத்தில்தான் ஆட்கள் துணிஞ்சு சோதனை பண்ணாங்க.

அப்போ இந்தக் கதை எங்கே முடங்குச்சு? ஒரு சின்ன எண்ணில். ஸ்லக்கோட ஃபிளாஷில் கெர்னலுக்குன்னு ஒதுக்கின இடம் 1 எம்.பி. அதைத் தாண்ட, நடுவில் ஏபெக்ஸ்னு இன்னொரு பூட்லோடரை வெச்சு கொஞ்ச காலம் சமாளிச்சாங்க. ஆனா லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு வருஷமும் வளர்ந்துக்கிட்டே போனது, பெட்டி வளரல. 2013-ல் வந்த டெபியன் 7-தான் ஸ்லக்குக்குக் கடைசி. இதே மாதிரிதான் க்யூநாப் நிறுவனத்தோட டி.எஸ்-109, டி.எஸ்-209 மாடல்களும். அதில் கெர்னலுக்கு 2 எம்.பி. அதுவும் ஒருநாள் போதாம ஆச்சு. கடைசியா 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், இந்தப் பழைய ஆர்ம் சிப்களுக்கான 'ஆர்ம்இஎல்' பிரிவுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

சரி, உங்க வீட்டிலும் ஒரு பழைய நாஸ் இருக்கு, லினக்ஸ் போடப் போனீங்க, பூட் ஆகல. இந்த வரலாறு என்ன சொல்லிக்கொடுக்குது? நான் ஒரு வரிசை வெச்சிருக்கேன்.

முதல்ல டேட்டா. பெட்டியை மறந்துட்டு டிஸ்க்கை வெளியே எடுங்க, லினக்ஸ் ஓடுற ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படங்களைக் காப்பி பண்ணுங்க. டிஸ்க் மவுன்ட் ஆகலைன்னா உடனே அது செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. மை புக் லைவ் தன் டிஸ்க்கை 64 கே.பி. துண்டுகளா பிரிச்சு வைக்கும். சாதாரண கம்ப்யூட்டரின் கெர்னல் 4 கே.பி. கணக்குக்குப் பழகினது, அதனால பல வருஷம் அதைத் திறக்க மறுத்தது. ஃபியூஸ் வகைக் கருவிகள் வழியா அதே டிஸ்க்கைப் படிக்க முடியும்.

ரெண்டாவது, பவர் அடாப்டர். கேட்கச் சின்ன விஷயமா இருக்கும். பத்து பதினஞ்சு வருஷ அடாப்டரில் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். லைட் எரிய அந்தக் கரன்ட் போதும், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கப் போதாது. பெட்டி பாதியில் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருந்தா முதல் சந்தேகம் இதுமேல்தான் வரணும்.

மூணாவது, கெர்னல் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. ஸ்லக் மாதிரி சில பெட்டிகளில் அது ஃபிளாஷில் இருக்கும். பஃபலோ லிங்க்ஸ்டேஷனோட சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். அதில் புது காலி டிஸ்க்கைப் போட்டா பெட்டி பூட் ஆகாது. ஏன்னா ஆபரேட்டிங் சிஸ்டமே பழைய டிஸ்க்கோட போயிடுச்சு.

நாலாவது, இதுதான் முக்கியம்: சீரியல். இந்தப் பெட்டிகளில் பலதுக்கு சர்க்யூட் போர்டில் நாலு சின்னப் புள்ளிகளோ பின்களோ இருக்கும். ஃபேக்டரியில் சோதிக்க வெச்சது. 3.3 வோல்ட் யு.எஸ்.பி. சீரியல் அடாப்டரை மாட்டி, பெட்டியோட டி.எக்ஸ்.ஸை அடாப்டரோட ஆர்.எக்ஸ்.ஸில், ஆர்.எக்ஸ்.ஸை டி.எக்ஸ்.ஸில், கிரவுண்டை கிரவுண்டில் கொடுத்து, பவர் பின்னை மட்டும் விட்டுடுங்க. பழைய கம்ப்யூட்டரோட சீரியல் போர்ட்டில் நேரா மாட்டினா அந்த வோல்டேஜுக்கு போர்டு எரிஞ்சுடும். வேகம் பெரும்பாலும் 115200. அவ்வளவு நாள் லைட் மட்டும் சிமிட்டின பெட்டி, வரி வரியா பேச ஆரம்பிக்கும். முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் புல்லரிச்சுது.

அப்புறம் கடைசி வரியைப் படிங்க. ஒரு எழுத்தும் வரலைன்னா வயரிங், பவர், இல்லைன்னா பூட்லோடர். கெர்னலை விரிச்சாச்சுன்னு சொல்லிட்டு அப்படியே நின்னா, இது எந்த மாடல்னு கெர்னலுக்குச் சரியா சொல்லப்படலை. பழைய முறையில் மெஷின் எண், புது முறையில் டிவைஸ் ட்ரீ ஃபைல், ரெண்டில் ஒண்ணு தப்பு. இல்லைன்னா கன்சோல் அமைப்பு தப்பா இருந்து, கெர்னல் உங்களுக்குக் கேட்காம ஓடிக்கிட்டிருக்கும். ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கலைன்னு பேனிக் ஆனா, டிஸ்க் எழுந்திருக்கிறதுக்குள் கெர்னல் அவசரப்பட்டிருக்கலாம், இல்லை டிஸ்க்கோட பேர் மாறியிருக்கலாம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்க. பேருக்குப் பதிலா யு.யு.ஐ.டி. கொடுங்க.

எதைச் செஞ்சாலும், முதலில் ஃபிளாஷ் முழுக்க ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, பூட்லோடர் பகுதியை விட்டுடுங்க. ஸ்லக் கத்துக்கொடுத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

இதில் எனக்கு முக்கியமாப் படுறது இது. ஒரு பெட்டி எவ்வளவு காலம் பயன்படும்ங்கிறதை அதோட வன்பொருள் மட்டும் தீர்மானிக்கல. மூல நிரல் கிடைச்சதா, பூட்லோடர் திறந்திருந்ததா, அந்த நாலு பின் போர்டில் விட்டு வைக்கப்பட்டதா, இதெல்லாம்தான் தீர்மானிச்சது. ஸ்லக்கோட சிப் குடும்பத்தையே 2019-லிருந்து லைனஸ் வாலெய் புது டிவைஸ் ட்ரீ முறைக்குக் கொண்டுவந்து, கெர்னலில் உயிரோட வெச்சிருக்கார். 2021-ல் அழிக்கப்பட்ட அந்த மை புக் லைவ் பெட்டிகளிலும் இன்னைக்கு நீங்க ஒரு புது லினக்ஸ் போடலாம். அதோட பேர் ஓபன்டபிள்யூஆர்டி. 2003-ல் சிலர் உரிமத்தைக் காட்டி மூல நிரல் கேட்டதிலிருந்து வந்த அதே திட்டம்.

அதனால அடுத்த தடவை ஒரு நாஸோ ரவுட்டரோ வாங்கும்போது, எத்தனை டெராபைட்னு கேட்கிறதோட, நிறுவனம் கைவிட்ட பிறகு இதை யாராவது தத்தெடுக்க முடியுமான்னும் ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. உங்க வீட்டுப் பழைய பெட்டியில் என்ன மாடல் எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.