தோட்டமும் சிறையும் மருந்தும்: மலையக வரலாற்றின் ஒரு மறைபக்கம்

மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்ந்தோர் கூலி, கடன், குடியுரிமை ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தைச் சிறைக்கு அளித்தாரல்லர். ஆயின் அவ்வாழ்வுக்குச் சிறை அந்நியமானதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட இடமளித்தது. 1920களின் தொடக்கத்திலேயே இத்தண்டனை ஒழிந்தது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டமோ, அதே தொழிலாளியின் மருத்துவச் செலவைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. உழைக்கும் உடலைப் பேணுவதே அதன் நோக்கம் எனலாம்.

போதை குறித்து அரசு கொண்ட நிலை இருவகைப்பட்டது. அபின் கடைகள் 1910இல் மூடப்பட்டபோது, பழக்கத்துக்கு ஆளானோர் பதிவு செய்யப்பட்டு அரசின் மூலம் அபின் பெற்றனர். பழக்கத்துக்கு அடிமையானவன் ஒரே நாளில் அதனை விட இயலாதவன் என்பதை அரசே இதன்வழி ஒப்புக்கொண்டது. சாராயமோ அரசின் வருமானமாயிற்று. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற தவறணை வரியீட்டித் தந்தது, கசிப்பு குற்றமாயிற்று.

இதன் விளைவை ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களின் வாயிலில் வைத்து நோக்குதல் தகும். அபராதம் செலுத்த வழியற்ற நாட்கூலித் தொழிலாளிக்கு எஞ்சுவது சிறையே. நெடுங்காலம் குடித்தவன் திடீரென நிறுத்தும்போது ஓரிரு நாட்களில் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றலாம்; மருத்துவமின்றேல் உயிரும் போகலாம். டயசெபாம், தயமின் போன்ற மலிவான மருந்துகளே இதற்குப் போதுமானவை. அபின் வகை அடிமைத்தனத்துக்கு உதவும் மெதடோன், புப்ரெனோர்பின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இலங்கைச் சட்டமோ 1984இல் இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க வழிவகுத்தது. சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான தனிச்சட்டம் 2007இலேயே வந்தது. தண்டனைக்கும் சிகிச்சைக்குமிடையே இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 2015ஆம் ஆண்டின் நெல்சன் மண்டேலா விதிகள், வெளியே கிடைக்கும் மருத்துவத்தரம் சிறையினுள்ளும் கிடைத்தல் வேண்டும் எனவும், போதைச் சிகிச்சை இடையறாது தொடர்தல் வேண்டும் எனவும் கூறுகின்றன.

1876இல் எழுந்த கண்டிப் போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் மாறுவது மட்டும் மாற்றமாகாது. பழக்கத்தை நோயெனக் கொள்ளும் அறிவு 1910இலேயே இந்நாட்டில் ஓரளவு இருந்தது. அவ்வறிவு சிறைவாயிலைக் கடந்து தொழிலாளியின் கையில் மருந்தாகச் சேர்கிறதா என்பதே சமூக நீதியின் அளவுகோல்.