காரைக்குடிக் கதவுகள்: பழம்பொருள் கடைக்கு வராத வரலாறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகள், நிலைகள், தூண்கள், ஊஞ்சல் பலகைகள், பெட்டகங்கள், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள், ரவி வர்மா அச்சுப் படங்கள் என எல்லாம் கிடைக்கும். வெளியூர் ஓட்டல்காரர்களும் உள் அலங்காரம் செய்பவர்களும் தேடி வருகிறார்கள். எந்தக் கதவு எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்பதை வியாபாரிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஆனால் அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் சேரியிலிருந்து வந்த பொருள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஏழைகளிடம் என்ன இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. நம் முன்னோர் பொருள் வைத்திருக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பதும், தடையை மீறிச் சேர்த்தது எரிக்கப்பட்டது என்பதும் மீதி உண்மை. அந்த மீதியைப் பேசாமல் செட்டிநாட்டுப் பழம்பொருள் வரலாறு முழுமையாகாது.

மரம் வந்த வழி

கடையில் முதலில் சொல்லப்படும் வார்த்தை "பர்மா தேக்கு". பர்மா தேக்குக் காடுகளின் பெரும் குத்தகைகள் பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் இருந்தன. 1863இல் தொடங்கப்பட்ட பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அவற்றில் முக்கியமானது. வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று பர்மா அரசு அதற்கு அபராதம் விதித்தது. 1885இல் பிரிட்டிஷார் மேல் பர்மா மீது படையெடுக்க அதையே சாக்காக்கினார்கள். ஒரு நாடே பறிபோன கதை அந்தத் தூணுக்குள் இருக்கிறது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. எனவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையோடு மேல்மரத்தையும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். பிறகு வெட்டிச் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடை வரை இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் மிதக்கவிட்டு ரங்கூன், மோல்மேன் மரஅறுவை ஆலைகளுக்குக் கொண்டுவருவார்கள். காட்டில் விழுந்த மரம் ஆலைக்கு வந்துசேரவே பல ஆண்டுகள் ஆகும். அங்கே அறுபட்டுக் கப்பலேறித்தான் அது நம் கரைக்கு வந்தது.

செட்டியார்களின் பர்மாத் தொழில் முக்கியமாக வட்டித் தொழில். கீழ் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1850களிலிருந்து 1940கள் வரை செட்டிநாட்டில் எழுந்த பெரும் வீடுகளுக்குக் கடல் கடந்த இந்த வருமானமே அடித்தளம்.

அதே ரங்கூனுக்கு நம் மக்களும் போனார்கள். சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மர ஆலைகளிலும் கூலிகளாக உழைத்தார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அந்தக் கடனை அடைப்பதற்கே பல மாதம் வேலை செய்தவர்கள் ஏராளம். அவர்களில் தீண்டப்படாதோர் எனப்பட்ட சாதியினர் பெருமளவில் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ரங்கூனில் வாசகர்கள் இருந்ததும், அவருடைய பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளை இருந்ததும் தற்செயல் அல்ல. ரங்கூனில் வணிகத்தில் உயர்ந்து, கொடையாளியாகப் பெயர் பெற்ற பி.எம். மதுரைப் பிள்ளை நம்மவர். ஊரில் கிடைக்காத மூச்சு அங்கே கொஞ்சம் கிடைத்தது.

1942இல் ஜப்பான் படையெடுப்பின்போது லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியக் கூலிகளுக்கு வேறு பாதை என்று தப்பிப்பதிலும் நிறபேதம் இருந்தது. 1960களில் நே வின் ஆட்சியின் தேசியமயமாக்கலுக்குப் பிறகு இன்னொரு பெரும் கூட்டம் சேமிப்பையும் நகையையும் விட்டுவிட்டுத் திரும்பியது. காரைக்குடியில் "பர்மா" என்றால் தேக்கும் நினைவுக்கு வரும், பர்மா காலனியும் நினைவுக்கு வரும். தேக்குக்குக் கன அடிக் கணக்கில் விலை ஏறுகிறது. காலனிக்கு வந்தவர்கள் பர்மாவில் என்ன வேலை செய்தார்கள் என்பது எந்தக் கடைச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

கதவையே பல்லக்காக்கு என்ற கட்டளை

இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. அந்த ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

கடைசியாகச் சொன்ன தடையைக் கவனியுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் கூரை வரை அடுக்கியிருக்கும் பித்தளை அண்டாக்களும் எனாமல் தூக்குகளும் பெரிய வீடுகளில் குவிந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தக் கட்டளை பிறந்தது. சீர்வரிசையாக வந்து பெட்டகம் நிறைந்து வழிந்த பாத்திரங்கள் ஒரு பக்கம். ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தால் அடி விழும் என்ற நிலை இன்னொரு பக்கம். மண்பானை உடைந்தால் ஓடு. ஓட்டை எந்தப் பழம்பொருள் வியாபாரியும் வாங்க மாட்டார்.

தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன என்றும் ஹட்டன் எழுதுகிறார். 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது, எந்த வாகனமும் கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது இன்னொன்று.

செட்டிநாட்டுக் கதவு என்றாலே கஜலட்சுமியும் கொடியும் கிளியும் செதுக்கிய நிலைக்கதவைத்தான் காட்டுகிறார்கள். அதே வட்டாரத்தில், மணமக்களை ஏற்றிக் கழற்றிய கதவில் தூக்கிப்போ என்று ஒரு சமூகத்துக்குக் கட்டளை போடப்பட்டது. கதவைப் பற்றிய இந்த வரலாற்றை எந்தச் சுற்றுலா வழிகாட்டி சொல்கிறார்?

இது 1930களோடு முடிந்துவிட்ட கதையும் இல்லை. 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறையே புகுந்து வீட்டுச் சாமான்களை நொறுக்கியது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் அதை ஒட்டிய குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பீரோ, கட்டில், டிவி, பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஒரு தலைமுறை பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிய பொருட்கள்தான் அங்கே இலக்காயின. பொருள் சேர்ந்தால் அடங்க மாட்டார்கள் என்ற பழைய கணக்குதான் இது. நூறு ஆண்டு கழித்துப் பழம்பொருளாக வேண்டிய கட்டில் பத்தாம் ஆண்டிலேயே சாம்பலாகிறது.

நாற்காலியும் அப்படியே. கடையில் பிரம்பு நாற்காலியைப் பார்ப்பவருக்கு அது அழகான இருக்கை. நமக்கு அது அதிகாரம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020இல் வெளியானது. நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை மரமோ தச்சரோ தீர்மானிப்பதில்லை.

வீடு உடையும்போது

ஒரு பெரிய வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள். பலர் வெளிநாட்டில். பராமரிக்க முடியாமல், பங்கு பிரிக்கவும் முடியாமல் கடைசியில் வீட்டை உடைப்பதற்கு விற்கிறார்கள். வாங்கியவர் மரத்தையும் கல்லையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்.

வீட்டுக்கு உள்ளே முகப்பு, வளவு, அடுக்களை என்று ஒவ்வொரு கட்டுக்கும் யார் எதுவரை வரலாம் என்ற கணக்கு இருந்தது. நம் மக்கள் பின்வாசலோடு நின்றவர்கள். எங்கள் களப்பணியில் பார்த்த உடைப்பு வேலைகளில் கூரை ஏறி ஓடு பிரிப்பதிலும், உத்தரத்தை இறக்குவதிலும், தூணைச் சுமந்து லாரியில் ஏற்றுவதிலும் பெரும்பாலும் தலித் தொழிலாளர்களே இருந்தார்கள். "தாத்தா காலத்தில் உள்ளே விடவில்லை. இப்போது உடைப்பதற்கு உள்ளே விடுகிறார்கள்" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் நாம் விளக்க எதுவும் இல்லை.

இறக்கிய மரம் பட்டறைக்குப் போகிறது. பழைய ஆணிகளைப் பிடுங்க வேண்டும். நூறாண்டாகப் பூசிய பெயிண்ட் அடுக்குகளை காஸ்டிக் சோடா தடவியோ சூடு காட்டியோ சுரண்ட வேண்டும். கரையான் தின்ற இடத்தை வெட்டிவிட்டு அதே வயதுள்ள மரத்துண்டை ஒட்டுப்போட வேண்டும். ரேகை ஓடும் திசை பொருந்தாவிட்டால் ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். செதுக்கு வேலை, இணைப்பு வேலை ஆசாரிகளிடம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சுரண்டுவது, கழுவுவது போன்ற வேலைகள் கூலியாட்களிடம். நாங்கள் பார்த்த பட்டறைகளில் தேய்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திறமைக்குப் பெயர் உண்டு, தேய்ப்புக்குப் பெயர் கிடையாது என்ற சாதிப் படிநிலை பட்டறைக்குள்ளும் இருக்கிறது.

இறுதியில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் மெல்லிய அடுக்குகளாகத் தடவுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். அந்த அரக்கின் பெரும்பகுதி ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் காடுகளில் ஆதிவாசிகள் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் சேகரிப்பது. பளபளப்பின் மேல் அடுக்கில்கூட ஒடுக்கப்பட்டோர் உழைப்பே பூசப்பட்டிருக்கிறது.

தேய்ப்பவர்கள் முகத்தில் முந்தானையைக் கட்டிக்கொள்கிறார்கள். மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். இந்தத் தொழிலாளர்களுக்கு முந்தானைதான் முகக்கவசம்.

சட்டம் எதைக் காக்கிறது

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொல்பொருள் ஆகலாம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. நல்லது. மரத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு வேண்டும்தான்.

மரத்தைத் தொடும் மனிதருக்கு? 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் கட்டுவதை மட்டும் சொல்லவில்லை, இடிப்பதையும் கட்டட வேலை என்றே வரையறுத்தது. வீடு உடைக்கும் தொழிலாளி நல வாரியத்தில் பதிவுசெய்ய உரிமை உள்ளவர். ஆனால் நாங்கள் சந்தித்தவர்களில் பலரிடம் வாரிய அட்டை இல்லை. "மரக்கடையில் வேலை" என்று சொன்னதும் இது கட்டட வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. உத்தரம் விழுந்து கால் முறிந்தால் அந்தக் காலுக்கு யார் பொறுப்பு? உத்தரத்துக்காவது விலை இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

பழம்பொருளை வெறுக்க நமக்குக் காரணம் இல்லை. பொருளைக் காப்பது நினைவைக் காப்பது என்பதை அம்பேத்கரிய இயக்கம் நன்றாக அறியும். நாக்பூர் அருகே சிச்சோலியில் புரட்சியாளர் அம்பேத்கரின் தட்டச்சு இயந்திரமும் உடைகளும் பாதுகாக்கப்படுகின்றன. புனேயில் சவிதா அம்பேத்கர் கொடுத்த பொருட்களைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. அங்கே கூட்டம் கூட்டமாக வரும் எளிய மக்கள் அவற்றின் சந்தை விலையைக் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் நாம் மூன்று வேலைகளைத் தொடங்கலாம். ஒன்று, வீடு உடைப்பு, பட்டறைத் தொழிலாளர்களை நல வாரியத்தில் பதிவு செய்யும் முகாம்களை ஊர் ஊராக நடத்துவது. பதிவை மறுக்கும் அலுவலரிடம் சட்டத்தின் வரையறையைக் காட்டிப் பேச நம் இளைஞர்களைப் பழக்குவது. இரண்டு, செட்டிநாட்டு மரபு பற்றிய அருங்காட்சியகங்களும் ஓட்டல்களும் கதவுக்குக் கீழே "பர்மா தேக்கு" என்று எழுதும்போது அதை அறுத்தவர், சுமந்தவர் வரலாற்றையும் 1930இன் தடைகளையும் எழுத வேண்டும் எனக் கேட்பது.

மூன்றாவது வேலைக்கு யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம் குடியிருப்புகளில் இன்னும் மிச்சம் இருப்பவற்றைச் சேகரிப்பது. இரவுப்பள்ளியின் கரும்பலகை, ரங்கூனிலிருந்து வந்த தகரப்பெட்டி, முதன்முதலில் துணிந்து வாங்கிய பித்தளைக் குடம், கலவரத்தில் பாதி கருகிய கதவு. அந்தக் கருகலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீடு என்று ஒரு தாளில் எழுதிக் கதவோடு சேர்த்து வையுங்கள். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.